மறைந்திருந்து ஒலிக்கும் ‘பீப்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைப் பற்றியவை. அறையில் எங்காவது ஒளித்து வைத்துவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘பீப்’ என்று ஒலித்து, அங்கிருப்பவரை எழுந்து தேட வைக்கும் சிறிய விளையாட்டு மின்சுற்றைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படிக்கிறேன். விடுமுறைக்கு வரும் அண்ணனின் அறையில் அலமாரிக்குப் பின்னால் வைப்பதற்காக, நேரம் எண்ணும் என்இ 555 ஐசிகள் (சில்லுகள்) இரண்டைக் கொண்டு, பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஒரு சுற்று அமைத்தேன். முதல் ஐசி ஐந்து நிமிடம் எண்ண வேண்டும். இரண்டாவது ஐசி ஒலி எழுப்ப வேண்டும். முதல் ஐசியின் 3-ஆம் காலை (பின்னை) இரண்டாவது ஐசியின் 4-ஆம் காலில் நேராக இணைத்திருக்கிறேன். 1 மெகா ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் என்று வைத்துச் சோதித்தபோது, ஏழு வினாடி ஒலி, கண் இமைக்கும் நேரம் மௌனம் என்று தலைகீழாக வந்தது. ஐந்து நிமிடத்துக்காகப் பழைய ரேடியோ போர்டிலிருந்து கழற்றிய 470 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரைப் போட்டு, 47 கிலோ ஓமை 1 கிலோ ஓமாக மாற்றினேன். இப்போது ஒலி நிற்கவே இல்லை. 6-ஆம் காலில் மீட்டரை வைத்தால் 4.7 வோல்ட் வரை ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்று ஐசி மாற்றிப் பார்த்துவிட்டேன். இரவு முழுவதும் விட்டுவைத்ததில் காலையில் 9 வோல்ட் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கடையில் கொடுத்தது போலி ஐசியா?
— ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, மாற்றிய மூன்று ஐசிகளையும் தூக்கி எறிந்திருந்தால் உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவை மூன்றும் நல்லவை. 6-ஆம் காலில் மீட்டரை வைத்து, வந்த எண்ணைக் குறித்து அனுப்பியிருக்கிறீர்களே, குறையின் வேரைக் கண்டுபிடிக்க அந்த ஓர் எண்ணே போதுமானதாக இருந்தது. உங்கள் சுற்றில் மூன்று தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால்தான் ஐசியின் மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது.

முதலில் தலைகீழ் ஒலியை எடுத்துக்கொள்வோம். 555 ஐசிக்குள் 5 கிலோ ஓம் மின்தடைகள் மூன்று வரிசையாக நின்று, கொடுக்கும் மின்னழுத்தத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன; 9 வோல்ட் கொடுத்தால் 3 வோல்ட், 6 வோல்ட் என்று இரண்டு எல்லைகள் கிடைக்கும். வெளியில் இருக்கும் மின்தேக்கி (நீங்கள் கண்டன்சர் என்று எழுதியிருப்பது), ப்ளஸ் முனைக்கும் 7-ஆம் காலுக்கும் இடையில் உள்ள மேல் மின்தடை, 7-ஆம் காலுக்கும் 6-ஆம் காலுக்கும் இடையில் உள்ள கீழ் மின்தடை ஆகிய இரண்டின் வழியாகவும் 3 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட்டுக்கு ஏறுகிறது. இறங்கும்போது கீழ் மின்தடை வழியாக மட்டும் 7-ஆம் காலுக்குள் இறங்குகிறது. ஏறும் நேரம் முழுவதும் வெளியீடான 3-ஆம் கால் உயர்நிலையிலும் (ப்ளஸ் பக்கம்), இறங்கும் நேரத்தில் தாழ்நிலையிலும் (மைனஸ் பக்கம்) இருக்கும். ஏறும்போது இரண்டு மின்தடைகளும், இறங்கும்போது ஒன்றும் என்பதால், இந்த அமைப்பில் உயர்நிலை நேரம் எப்போதும் தாழ்நிலை நேரத்தைவிட நீளமாகவே இருக்கும். மின்தடையை 0.693-ஆலும் மின்தேக்கியின் மதிப்பாலும் பெருக்கினால் வினாடிக் கணக்கு வரும்: உங்கள் சோதனையில் ஏறுவதற்கு ஏறத்தாழ 7 வினாடி, இறங்குவதற்கு 0.33 வினாடி. இரண்டாவது ஐசியின் 4-ஆம் கால் உயர்நிலையில் இருக்கும்போதுதான் அது ஒலிக்கும். ஆகவே நீங்கள் மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் ஒலியையும், ஒலிக்க வேண்டிய நேரத்தில் மௌனத்தையும் பெற்றீர்கள். கணக்கு சரி, திசைதான் மாறியிருக்கிறது.

இதைத் திருப்புவதற்குப் பலரும் சொல்லும் வழி, கீழ் மின்தடைக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என் 4148 டையோடு ஒன்றைப் போடுவது. அப்போது ஏறுவது மேல் மின்தடை வழியாகவும் இறங்குவது கீழ் மின்தடை வழியாகவும் நடப்பதால், மேலே 1 கிலோ ஓமும் கீழே 1 மெகா ஓமும் வைத்துக் குறுகிய உயர்நிலையையும் நீண்ட தாழ்நிலையையும் பெறலாம். தாளில் பார்க்க அழகாக இருக்கும் இந்த வழியை இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்தேக்கி இறங்கும் ஐந்து நிமிடமும் 7-ஆம் கால் மைனஸ் முனையோடு இணைந்திருக்கும். அப்போது அந்த 1 கிலோ ஓம் மின்தடை 9 வோல்ட்டுக்குக் குறுக்கே நேராக நின்று, 9 மில்லி ஆம்பியரை ஒரு பயனுமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும். ஒளித்து வைக்கும் கருவிக்குப் பேட்டரிதான் ஆயுள் என்பதால் இந்த இழப்பை ஏற்க முடியாது.

உங்கள் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு, முதல் ஐசியின் தாழ்நிலையை ஒலிக்கும் நேரமாக எடுத்துக்கொள்வதே நல்லது. இரண்டு ஐசிகளையும், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும் சிமாஸ் வகையாக, அதாவது டிஎல்சி 555, எல்எம்சி 555 அல்லது ஐசிஎம் 7555 ஆக மாற்றிவிட்டு, இரண்டாவது ஐசியின் 1-ஆம் காலையும், அந்தப் பகுதியில் மைனஸுக்குப் போகும் மற்ற எல்லா இணைப்புகளையும் மைனஸில் கொடுக்காமல் முதல் ஐசியின் 3-ஆம் காலில் கொடுங்கள். இரண்டாவது ஐசியின் 4-ஆம் காலை அதன் 8-ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள். 3-ஆம் கால் உயர்நிலையில் இருக்கும்போது இரண்டாவது ஐசியின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தம் இருப்பதால் அது உயிரற்றுக் கிடக்கும். தாழ்நிலைக்கு வரும் அந்த மூன்றில் ஒரு பங்கு வினாடியில் மட்டும் விழித்து ஒலிக்கும். உள்ளேயே அலையியற்றி இருக்கும் பஸ்ஸர், அதாவது பேட்டரியில் வைத்தவுடன் தானாகவே கத்தும் வகை, கையில் இருந்தால் இரண்டாவது ஐசியே வேண்டாம். ப்ளஸ் முனைக்கும் முதல் ஐசியின் 3-ஆம் காலுக்கும் இடையில் அதைப் போட்டால் போதும்.

இனி, நிற்காத ஒலிக்கு வருவோம். உங்கள் மேல் மின்தடை 1 மெகா ஓம். மின்தேக்கி 6 வோல்ட்டைத் தொடும் தறுவாயில் அந்த மின்தடைக்குக் குறுக்கே மிஞ்சுவது 3 வோல்ட். ஆகவே அதன் வழியாக வரக்கூடியது 3 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. உங்கள் 470 மைக்ரோ ஃபாரட் போன்ற எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி எதுவும் முழுமையாக மூடிய பாத்திரம் அல்ல. அதன் உள்ளே எப்போதும் சிறிது மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். உங்கள் மீட்டர் 4.7 வோல்ட்டில் நின்றது என்றால், மின்தடையின் குறுக்கே 4.3 வோல்ட், எனவே 4.3 மைக்ரோ ஆம்பியர் உள்ளே வந்தும் மின்னழுத்தம் ஏறவில்லை. அதில் அரை மைக்ரோ ஆம்பியரை உங்கள் மீட்டரே எடுத்திருக்கும், ஏனென்றால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். என்இ 555-இன் 6-ஆம் கால் 0.1 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். மீதி 3.7 மைக்ரோ ஆம்பியரும் மின்தேக்கிக்குள்ளேயே கசிகிறது. ஓட்டைக் குடத்தில் குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்தால், வரும் நீரும் ஒழுகும் நீரும் சமமாகும் உயரத்தில் மட்டம் நின்றுவிடும் அல்லவா, அதுதான் இங்கே நடக்கிறது. எல்லையைத் தொடாததால் 3-ஆம் கால் உயர்நிலையிலேயே நிற்கிறது. அதனால் ஒலியும் நிற்கவில்லை.

பழைய போர்டிலிருந்து கழற்றியது என்பது கசிவைக் கூட்டியிருக்கும். நெடுநாள் மின்னழுத்தமின்றிக் கிடந்த எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியில் அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். சில மணி நேரம் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 9 வோல்ட்டில் வைத்திருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் புதியதை வாங்கினாலும் முழு நிம்மதி கிடையாது. சாதாரண வகை மின்தேக்கிக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் கசிவு, மைக்ரோ ஃபாரட்டையும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் பெருக்கி, அதில் நூறில் ஒரு பங்கு மைக்ரோ ஆம்பியர் என்பது வழக்கமான கணக்கு. 470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் என்றால் 75 மைக்ரோ ஆம்பியர்! நடைமுறையில் இதைவிட மிகக் குறைவாகவே கசியும் என்றாலும், நம்மிடம் இருப்பதோ 3 மைக்ரோ ஆம்பியர்தான். மின்தடையைக் குறைத்து மின்தேக்கியைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். மின்தேக்கி பெருக்கப் பெருக்கக் கசிவும் அதே விகிதத்தில் பெருகுவதால் அதனாலும் பெரிய பயன் இல்லை.

ஆகவே 555-ஐயும் எலக்ட்ரோலைட்டிக்கையும் கொண்டு ஒரு நிமிடம் வரை துணிந்து வடிவமையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் எண்ணும் வேலையை சிடி 4060 ஐசியிடம் விட்டுவிடுங்கள். அதற்குள் ஓர் அலையியற்றியும், ஒவ்வொன்றும் இரண்டால் வகுக்கும் 14 படிகளும் இருக்கின்றன. 10-ஆம் காலில் 100 கிலோ ஓம், 9-ஆம் காலில் கசிவு ஏறத்தாழ இல்லாத 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கி, 11-ஆம் காலில் 1 மெகா ஓம் ஆகிய மூன்றின் மறுமுனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 43 அலைகள் வரும். 12-ஆம் காலை மைனஸில் கொடுங்கள். கடைசிப் படியின் வெளியீடான 3-ஆம் காலில் அது 16,384-ஆல் வகுபட்டு, ஆறேகால் நிமிடத்துக்கு ஒருமுறை கீழே விழும். அந்த வீழ்ச்சியை 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக ஒற்றைத் துடிப்பு அமைப்பிலுள்ள சிமாஸ் 555-இன் 2-ஆம் காலுக்குக் கொடுத்து, அந்தக் காலை 10 கிலோ ஓமால் ப்ளஸ் முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். 1என் 4148 ஒன்றையும், அதன் கறுப்புப் பட்டை ப்ளஸ் பக்கம் இருக்குமாறு அந்த 10 கிலோ ஓமுக்கு இணையாகப் போடுங்கள். 6, 7-ஆம் கால்களைச் சேர்த்து, அங்கிருந்து ப்ளஸுக்கு 100 கிலோ ஓமும் மைனஸுக்கு 4.7 மைக்ரோ ஃபாரட்டும் வைத்தால் அரை வினாடித் துடிப்பு கிடைக்கும். இங்கே துடிப்பு உயர்நிலையில் வருவதால், நீங்கள் முதலில் செய்ததுபோலவே அதை ஒலி ஐசியின் 4-ஆம் காலுக்கு நேராகக் கொடுக்கலாம்; அப்போது அதன் 1-ஆம் கால் மைனஸுக்கே போகட்டும்.

பேட்டரி தீர்ந்ததற்கு விளக்கம் எளிது. என்இ 555 ஒன்று சும்மா இருக்கும்போதே 9 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும், இரண்டுக்குமாகப் 10. புதிய அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி 500 மில்லி ஆம்பியர் மணி கொண்டது என்று வைத்தாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். உங்களுடையது சாதாரண வகையாகவோ ஏற்கெனவே பயன்படுத்தியதாகவோ இருந்திருக்கலாம். இரண்டாவது ஐசி உறங்கும் சிமாஸ் சுற்று 0.2 மில்லி ஆம்பியரில் ஓடினால் அதே பேட்டரி நூறு நாள் வரும்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதே மாதிரியான சுற்றை மாணவிகள் செய்தார்கள். இடைவெளி சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு ‘பீப்’ வர வேண்டிய இடத்தில் சில சமயம் இரண்டு, மூன்று துண்டு ஒலிகள் வருகின்றன. பேட்டரி பழையதாகப் பழையதாக இது கூடுகிறது.
— ஓர் இயற்பியல் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: என்இ 555-இன் வெளியீடு நிலை மாறும் ஒரு கணத்தில், உள்ளே இருக்கும் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து கடத்துவதால், மிகக் குறுகிய ஆனால் பெரிய மின்னோட்டம் பாய்கிறது. பழைய பேட்டரியின் உள்தடை அதிகம் என்பதால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிகிறது. மின்னழுத்தம் சரிந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்னும் எல்லையும் சரிந்து, பக்கத்து ஐசி தன் முறை வருமுன்பே மாறிவிடுகிறது. ஒவ்வொரு ஐசியின் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் குறுக்கே, காலை ஒட்டியே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கியையும், பேட்டரி இணைப்பில் 100 மைக்ரோ ஃபாரட்டையும், வெறுமையாக விட்டிருக்கும் 5-ஆம் காலிலிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட்டையும் போடச் சொல்லுங்கள். பிரெட்போர்டின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தால் பலன் பாதியாகிவிடும். காலை ஒட்டி வைப்பது முக்கியம்.

கேள்வி: 555 என்ற எண் உள்ளே இருக்கும் மூன்று 5 கிலோ ஓம் மின்தடைகளால் வந்தது என்பது உண்மையா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. இந்த ஐசியை 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஹான்ஸ் கமென்சிண்ட், அந்த எண்ணை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்த ஆர்ட் ஃபியூரி தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார் என்றே கூறியிருக்கிறார். முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. மாறா மின்னோட்ட மூலத்தை விட்டுவிட்டு வெளியிலுள்ள ஒரு மின்தடையாலேயே மின்தேக்கியை ஏற்றலாம் என்று அவருக்குத் தோன்றியபோதுதான் எட்டுக் கால் உறைக்குள் அது அடங்கியது. 1972-இல் விற்பனைக்கு வந்தது. நாம் இன்று மின்தடையையும் மின்தேக்கியையும் மட்டும் மாற்றி மைக்ரோ வினாடியிலிருந்து நிமிடம் வரை போக முடிவது அந்த ஒரு முடிவால்தான்.

கேள்வி: என் மாணவர்கள் ஓய்வறையில் இப்படி ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார்கள். ஆசிரியர்கள் ஆறு பேர் அரை நாள் தேடினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினோம். காதுக்கு எதிரிலேயே கேட்கும் ஒலியின் இடம் ஏன் தெரிவதில்லை?
— ஒரு தலைமை ஆசிரியர், காரைக்குடி

பதில்: சுவர்க்கோழி கத்தும் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல, இந்த மூலையில்தான் என்று குனிந்தால் ஒலி எதிர்மூலையிலிருந்து வருவதுபோல் இருக்கும். திசையை அறிய நம் செவிகள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணில், இரு காதுகளுக்கும் அலை வந்து சேரும் நேர வேறுபாட்டை மூளை ஒப்பிடுகிறது. உயர்ந்த அதிர்வெண்ணில், தலை ஒரு திரையாக நின்று மறைப்பதால் மறுபக்கக் காதில் ஒலி குறைந்து கேட்பதை ஒப்பிடுகிறது. பஸ்ஸர்கள் ஒலிக்கும் 3 கிலோ ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். அது தலையின் அகலத்தைவிடச் சிறியது என்பதால் எந்த முகடு எந்த முகட்டோடு சேர்ந்தது என்று மூளையால் சொல்ல முடியாமல் முதல் வழி குழம்பிவிடுகிறது. இரண்டாவது வழியோ இன்னும் முழு வலிமை பெறவில்லை. 1936-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், நியூமன் ஆகிய இருவரும் எதிரொலி குறுக்கிடாதிருக்கக் கட்டடத்தின் கூரையில் உயரமான நாற்காலி அமைத்து, அதில் ஆளை உட்கார வைத்துச் சோதித்தபோது, திசை சொல்வதில் மிக அதிகமான பிழை 3 கிலோ ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் நேர்ந்தது.

அறைக்குள் சுவர்களிலிருந்து வரும் எதிரொலி குழப்பத்தைக் கூட்டுகிறது. அரை வினாடிக்குள் ஒலி முடிந்துவிடுவதால் தலையைத் திருப்பி ஒப்பிடவும் வாய்ப்பில்லை. அடுத்த முறை எல்லோரும் ஒரே இடத்தில் நின்று கைகாட்டாதீர்கள். ஆளுக்கொரு மூலையில் நின்று, ‘பீப்’ வரும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்தது வருமுன் மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வையுங்கள். எதைத் திறந்தபின் ஒலி கூர்மையாகிறதோ அதற்குள் கை விடுங்கள். திசையில் ஏமாறும் காது, ஒலியின் தெளிவில் அவ்வளவாக ஏமாறுவதில்லை.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் இதைச் செய்து, பேருந்திலும் பள்ளியிலும் வைக்கப் போவதாகச் சொல்கிறான். ஆர்வத்தைக் கெடுக்கவும் மனமில்லை, பயமாகவும் இருக்கிறது.
— ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் பயம் சரியானது, அவனது ஆர்வமும் காப்பாற்றப்பட வேண்டியது. பேருந்து, ரயில், கடைத்தெரு, அலுவலகம் என்று பொது இடம் எதிலும் இதை வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பேட்டரியும் ஒயரும் தெரிய, ‘பீப்’ என்று ஒலிக்கும் ஒரு பொட்டலத்தை இருக்கைக்கு அடியில் பார்ப்பவருக்கு அது விளையாட்டு என்று தெரியாது. 2007 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்காக வைத்த எல்இடி விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து, சாலைகளையும் பாலங்களையும் மூடினார்கள். அவற்றை வைத்த இருவர் கைதானார்கள். நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கும் வீடும் இதற்கு ஏற்ற இடமல்ல. மருத்துவக் கருவியோ, எரிவாயுக் கசிவு எச்சரிக்கையோ உண்மையில் ஒலிக்கும்போது, இதுவும் அந்த விளையாட்டுதான் என்று யாரேனும் விட்டுவிட்டால் இழப்பு பெரிது.

பொத்தான் வடிவ லித்தியம் பேட்டரியில் மட்டும் செய்ய விடாதீர்கள். சிறு குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணாகிவிடும். மூன்று பென்சில் பேட்டரிகளைத் திருகு மூடியுள்ள பெட்டியில் வைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். சிமாஸ் 555-க்கு அது தாராளம். பள்ளியில் வைப்பதென்றால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லி, அவரையும் கூட்டாளியாக்கிக்கொண்டு வைக்கட்டும். பெட்டியின் மேல் அவன் பெயர், வகுப்பு, ‘இது பீப் ஒலிக்கும் விளையாட்டுச் சுற்று’ என்ற வரி, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை மை அழியாத பேனாவால் அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். இரவு படுக்குமுன் அதைத் திரும்ப எடுத்து வந்து, பேட்டரியைக் கழற்றி வைக்கும் பொறுப்பும் அவனுடையதாகவே இருக்கட்டும்.